வளவுக்குள்ள நிக்கிற பிராய்: தள்ளுறதா, விடுறதா? வேலிக்கும் இலைக்கும் எவ்வளவு உதவும்?

வளவுக்காரன் (கேள்வி)

வணக்கம். முல்லைத்தீவில ஒட்டுசுட்டான் பக்கம் ஒண்டரை ஏக்கர் உறுதிக்காணி. அரைவாசி மரக்கறி வைக்கிற நிலம், மிச்சம் பழைய காட்டின்ர துண்டு. மேல பாலை மரமும் முதிரை மரமும் நிக்குது. அதுக்குக் கீழ ஆள் உயரத்தில இருந்து பதினைஞ்சு அடி வரைக்கும் ஒரே சாதி மரம் அடர்ந்து கிடக்குது. இலை சுரசுரப்பு, ஒடிச்சாப் பால் வருது, கொப்பெல்லாம் கோணல். சோளகம் (கோடைத் தென்மேற்குக் காத்து) அடிக்கிற நேரத்திலயும் பச்சையாத்தான் நிக்குது. பிராய் எண்டு சொல்லுகினம்.

பெக்கோ (மண் தோண்டுற இயந்திரம்) பிடிச்சுத் தள்ளிப்போட்டு வாழை வைக்கச் சொல்லுறவையும் இருக்கினம். தள்ள முதல் தெரிய வேண்டியது: இது பிராய்தானா எண்டு எப்பிடி உறுதிப்படுத்துறது? ரோட்டுப் பக்கம் 100 அடி நீளத்துக்கு உயிர்வேலியா நடலாமோ? இலையை அரத்தாள் மாதிரிப் பாவிக்கலாம் எண்டுறது உண்மையோ? ஆட்டுக்குக் குழையாப் போடலாமோ? பல்லுக்கும் வருத்தத்துக்கும் பட்டை நல்லது எண்டுறதில எவ்வளவு சரி? செய்து பாத்த முறை, அளவு தெரிஞ்சவை எழுதுங்கோ.

குளக்கட்டு

தள்ள வேண்டாம். காரணம் பிறகு, முதலில் அடையாளம்.

ஒரு இலையை இரண்டு பக்கமும் விரலால் தேய்த்துப் பாருங்கள். பிராய் என்றால் மேலும் கீழும் இரண்டு பக்கமும் சுரசுரக்கும். காம்பு இருப்பதே தெரியாது, இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். இலைகள் கொப்பில் மாறி மாறி இரண்டு வரிசையாக நிற்கும், ஓரத்தில் ஒழுங்கில்லாத சிறு பற்கள் இருக்கும். கொப்பை முறித்தால் வெள்ளைப் பால். பழம் பயறை விடப் பெரிது, மஞ்சள், ஒரே விதை, அடியைப் பச்சை இதழ்கள் பொத்திப் பிடித்திருக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆகவே ஒரு மரத்தில் பழமே காணவில்லை என்பதற்காக அது பிராய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

வன்னிக் காட்டில் பாலைக்குக் கீழே நிற்கும் மற்றப் பச்சை மரங்களோடு குழப்பம் வருவது வழக்கம். வீரையின் இளங்கன்றில் இலையோரம் முள்ளு முள்ளாக இருக்கும், இலை தோல் மாதிரி வழுவழுப்பு, பால் இல்லை. காயாவில் இலைகள் எதிரெதிரே நிற்கும், தடிப்பு, பால் இல்லை, பூ நீலம். இந்த இரண்டையும் பிராய் என்று நினைத்து வெட்டினால் நட்டம் உங்களுக்குத்தான், வீரைப்பழம் வேண்டாம் என்று யார் சொல்லுவார்கள். அத்திச் சாதியிலும் சுரசுரப்பு இலைக்காரன் ஒன்று உண்டு. அதன் இலை நல்ல பெரிது, காம்பும் நீளம், கன்றில் இலை மடல் மடலாகப் பிரிந்திருக்கும்.

இனி வேலி. பிராய் வேலிக்கு நல்ல மரம். எவ்வளவு வெட்டினாலும் வெட்டின இடத்தில் இரண்டு மூன்று தளிர் விடும், இலை சின்னது, கொப்பு விறைப்பு. தாய்லாந்தில் இதை வெட்டி வளைத்து உருண்டை உருண்டையாக அலங்கார மரம் ஆக்குவது பழைய வழக்கம், அந்த அளவுக்குக் கத்தியைத் தாங்கும். குறை ஒன்றுதான், மெதுவாக வளரும். நெஞ்சளவு உயரத்துக்கு அடர்ந்த வேலி ஆக மூன்று நான்கு வருடம் வேண்டும். அதற்குப் பொறுமை இல்லை என்றால் இப்போதே விட்டுவிடுங்கள்.

நூறு அடிக்கு இரண்டு வரிசை, வரிசைக்கு வரிசை ஒரு அடி, கன்றுக்குக் கன்று ஒரு அடி, முன் வரிசைக் கன்றுகளின் இடைவெளிக்கு நேரே பின் வரிசைக் கன்று வரவேண்டும். அப்படியானால் இருநூறு கன்று. பட்டுப் போவதற்கு இன்னும் ஐம்பது சேர்த்துப் பையில் போடுங்கள்.

கிளுவை, பூவரசு போல நேரே கதியாலாக (வெட்டின கொப்பை அப்படியே வேலியில்) குத்தினால் பிராய் பாதிக்கு மேல் பட்டுப்போகும். பையில் வேர் பிடித்த பிறகு நடுவதுதான் சரி. ஆவணிக் கடைசியில் பெருவிரல் அளவு, முற்றியும் முற்றாத கொப்பாகப் பார்த்து எட்டு பத்து அங்குலத் துண்டு வெட்டுங்கள். மேல் நுனியில் இரண்டு இலை, அதுவும் பாதியாக வெட்டியது, போதும். வெட்டுவாயில் பால் வடியும். தண்ணீரில் கழுவி அரை மணித்தியாலம் நிழலில் வைத்துப் பால் நின்ற பிறகு பையில் குத்துங்கள். பால் வெட்டுவாயில் காய்ந்து மூடிக்கொண்டால் வேர் வர இடமில்லாமல் அடி அழுகும். மண் கலவை இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக உக்கின மாட்டெரு. பச்சை எரு போட்டால் துண்டு கறுத்துப்போகும். துண்டின் பாதி மண்ணுக்குள் இருக்க வேண்டும், மேல்கீழ் மாறக்கூடாது. நிழலில் வைத்து மண் காயாமல், அதேநேரம் பை குளிக்காமல் தண்ணீர்.

தளிர் வந்தவுடன் வேர் வந்துவிட்டது என்று நம்பி நடுவதுதான் எல்லாரும் விடும் பிழை. கொப்பில் இருந்த சத்தில் முதல் தளிர் வரும், வேர் பிறகுதான். பைக்கு அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்வரை பொறுங்கள். கார்த்திகை மழைக்குள் நட்டுவிட வேண்டும். அதற்குள் வேர் வராதவற்றை அடுத்த புரட்டாதிவரை பையிலேயே வைத்திருங்கள், தையில் நட்டுக் கோடையில் சாகக் கொடுக்காதீர்கள்.

விதையிலும் முளைக்கும். மஞ்சளாகப் பழுத்ததைப் பிடுங்கி, சதையைக் கழுவி, அன்றைக்கே அல்லது மறுநாளே போட வேண்டும். காய வைத்துப் போத்தலில் அடைத்தால் விதை செத்துவிடும். நெல்லுப் போல இதைச் சேமிக்க ஏலாது. மரத்துக்குக் கீழே தானாக முளைத்த கன்றுகளை மழை நாளில் மண்கட்டியோடு கிளப்பினாலும் சரி. உங்கள் வளவிலேயே அவை ஏராளம் நிற்கும், முதலில் அதைத் தேடுங்கள்.

நட்ட முதல் வருடம் மாசியில் இருந்து கிழமைக்கு இரண்டு தரம் கன்றுக்கு ஒரு லீற்றர். அடியில் காய்ந்த சருகு நான்கு விரற்கடை. முழங்கால் உயரம் வந்தவுடன் நுனியை வெட்டுங்கள். மனம் வராது, ஆனால் வெட்டாவிட்டால் அடி வெறுமையாகி மேலே மட்டும் பற்றும், பிறகு கோழியும் நாயும் கீழால் போய்வரும். பிறகும் வெட்டும்போது அடி அகலம், மேல் ஒடுக்கம். மேல் அகன்றால் அடி இலைக்கு வெயில் கிடைக்காமல் உதிர்ந்து அதே கதைதான். கத்தரிப்பு மாரித் தொடக்கத்தில் ஒன்று, தை கடைசியில் ஒன்று. சோளகக் காற்றில் வெட்டினால் வெட்டின நுனிகள் உள்வாங்கிக் காயும்.

வேலி ஆகும்வரை ரோட்டுப் பக்கம் மூன்று அடி தள்ளிக் கிளுவைக் கதியால் போடுங்கள். கிளிசறியாக் கதியால் வேகமானது, ஆனால் வருடத்துக்கு மூன்று தரம் குழை வெட்டாவிட்டால் பிராயை மூடிவிடும். பிராய் நிழலில் சாகாது, காட்டுக்குள் அது நிற்பதே நிழலில்தானே. ஆனால் நிழலில் நிற்கும் பிராய் ஐதாகத்தான் இருக்கும். வேலிக்கு வேண்டிய அடர்த்தி வெயிலில்தான் வரும்.

யானைக்கு இந்த வேலி வேலியே இல்லை. யானை இதைத் தின்னும்.

உளிச்சத்தம்

இலை கேட்டதுக்கு மட்டும் பதில்.

உண்மைதான், ஆனால் எந்த இடத்தில் பாவிக்கிறது என்பது தெரிய வேண்டும். இலையில் நிற்கிற நுண்ணிய சுணை கனிமம் ஏறி விறைத்தது. அது மரத்தைச் சுரண்டி எடுக்காது, மினுக்கும். சீவுளித் தழும்பை இலையால் எடுக்கப் போனால் ஒரு கடகம் இலை முடிந்தாலும் தழும்பு அப்படியே கிடக்கும். முதலில் 120ஆம் இலக்க அரத்தாள், பிறகு அதைவிட நுண்மையான 220. அதற்குப் பிறகுதான் இலை.

இலை தெரிவு: கொப்பின் நடுவில் நிற்கிற கரும்பச்சை முற்றல். நுனித் தளிரில் சுணை இன்னும் விறைக்கவில்லை, துணி மாதிரி வழுக்கும். மஞ்சளடித்த இலை நொறுங்கும். பச்சையாகத் தேய்த்தால் பாலும் பச்சைச் சாறும் மரத்தில் ஏறும். கருங்காலியில் தெரியாது, முதிரையிலோ வேம்பிலோ கறை அப்படியே நிற்கும். ஆகவே ஆய்ந்த இலையைப் பழைய பத்திரிகைத் தாளுக்கு இடையில் பரப்பி, மேலே பலகையும் இரண்டு செங்கல்லும் வைத்து, நிழலில் நான்கு ஐந்து நாள். வெயிலில் போட்டால் சுருண்டு கையில் தூளாகும்.

தேய்க்க முதல் ஈரத்துணிக்குள் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். இலை வளையும், உடையாது. தட்டையான இடத்துக்கு ஒரு தக்கைத் துண்டில் சுற்றியும், கடைந்த காலுக்கும் வளைவுக்கும் இரண்டு விரலால் அழுத்தியும், நார் ஓடுகிற பக்கமாக மட்டும் தேய்க்க வேண்டும். உள்ளங்கை அளவு இடம் தேய்த்த பிறகு இலை ‘கடிக்கிறது’ நின்றுவிடும், மாற்றுங்கள். ஒரு கதிரைக் காலுக்கு ஏழெட்டு இலை போகும். முடிந்த பிறகு மரத்தை ஒரு நாள் காயவிட்டுத்தான் எண்ணெய் அல்லது வார்னிஷ், ஈரத்தோடு அடித்தால் வெள்ளை படரும்.

என் கணக்கில் இந்த இலைக்கு மிகப் பொருத்தமான வேலை சிரட்டை. அகப்பை, கரண்டி, சின்னக் கிண்ணம். சிரட்டையின் வளைவுக்குள் அரத்தாள் மடிந்து கீறும், இலை உள்ளே படிந்து போகும். கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போட்டால் கறுத்து மினுங்கும். கரிப்பிடித்த பானைக்கும் பச்சை இலையோடு சாம்பல் நல்லது. அலுமினியச் சட்டியின் வெளிப்பக்கத்துக்குச் சரி, ஒட்டாத பூச்சுள்ள தாச்சிக்கு வேண்டாம், பூச்சுப் போய்விடும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிராய்ப் பலகை தேடாதீர்கள். வெள்ளை மரம், வயிரம் பிரியாது, வளையும், நல்ல இழுவை, ஆனால் கோணலும் முடிச்சும். மண்ணில் நட்டால் கறையான் விடாது. தூணுக்குப் பாலை இருக்க இதைத் தொட வேண்டியதில்லை. விறகு என்றால் எரியும்.

பட்டிக்காரி

குழையாப் போடலாம், ஆடு விரும்பித் தின்னும். கோடையில மற்றப் பத்தையெல்லாம் காய்ஞ்சு நிக்கேக்க பச்சை நிக்கிறதுதான் இதின்ர பெறுமதி. வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் புல்லுக் கிடையாத நேரம் எண்டு உங்களுக்கே தெரியும்.

ஆனா முழு வயிறும் இதால நிரப்பக் கூடாது. மொத்தக் குழையில மூண்டில ஒரு பங்குக்கு மேல வேண்டாம், மிச்சம் கிளிசறியா, இப்பிலிப்பில், முருங்கை, பூவரசு எண்டு கலந்து போடுங்கோ. முற்றின சுரசுரப்பு இலையை மட்டும் போட்டா ஆடு தெரிஞ்சு தெரிஞ்சு தின்னும், கொப்பு மிஞ்சும். இளங்கொப்போட வெட்டி, நிலத்தில போடாமல், ஆட்டின்ர தலைக்கு மேல கட்டித் தூக்குங்கோ. நிலத்தில விழுந்து மிதிபட்ட குழையை ஆடு மணந்தும் பாக்காது. காலையில வெட்டிப் பின்னேரம் போடுங்கோ, பால் வத்தி இருக்கும்.

குளக்கட்டு அண்ணை சொன்னதில ஒண்டைக் கூட்டிச் சொல்ல வேணும். அண்ணை நாயையும் கோழியையும் எழுதினார், ஆட்டை விட்டிட்டார். கன்று வேலியை ஆடு முதல் இரண்டு வருசமும் தொடக் கூடாது. மெதுவா வளருற மரத்தில ஒருக்கா நுனி போனா அந்த வருசம் போச்சு. அதே நேரம் வேலி எழும்பின பிறகு ஆடு வெளிப்பக்கத்தால கடிக்கிறது நல்லது, கத்திரி போட்ட மாதிரி இன்னும் இறுகும். காட்டோரம் பாத்தீங்களெண்டா, மாடு ஆடு கடிச்சுக் கடிச்சு பந்து மாதிரி உருண்டு நிக்கிற பிராய் கனக்கக் காணலாம்.

உங்கட வளவில நிக்கிற பெரிய மரத்தில குழை வெட்டுறதெண்டா ஒரே மரத்தை மொட்டையடிக்காதேங்கோ. மூண்டில ஒரு பங்கு கொப்பு வெட்டி, அடுத்த மரத்துக்குப் போங்கோ, திரும்பி வர நாலு மாசம் ஆகட்டும். கொப்பை அடியோட அறுக்காமல் ஒரு சாண் விட்டு வெட்டினா அந்தக் கட்டையில இருந்து கொத்தாத் தளிர்க்கும்.

மூலிகைத்தட்டு

பட்டை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

பல் விளக்குவதற்குக் குச்சி சரி. வேப்பங்குச்சி போலவே. பென்சில் தடிப்பு, ஒரு சாண் நீளம், தோலை நுனியில் ஒரு அங்குலம் சீவி, மென்று தும்பாக்கித் தேய்த்துத் துப்ப வேண்டும். சாற்றை விழுங்கக் கூடாது. புதிதாக வெட்டிய குச்சியின் பாலைக் கழுவிவிட்டுப் பாவியுங்கள், உதட்டில் ஒட்டும். முரசு (பல் ஈறு) புண்ணாகி இரத்தம் வருகிறவர்கள் விறைப்பான தும்பால் அழுத்தித் தேய்த்தால் புண் கூடும். இலைச் சாறு பல்லைச் சொத்தையாக்கும் கிருமியைக் கட்டுப்படுத்துவதை ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அதற்காக ஏற்கெனவே விழுந்த ஓட்டை குச்சியால் அடைபடாது, பல் வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

குடிப்பது வேறு விஷயம். பட்டையிலும் வேர்ப்பட்டையிலும் இதயத்தின் துடிப்பை நேராகத் தாக்கும் சரக்கு இருக்கிறது. அலரியில் இருப்பதன் இனம். கூடிப்போனால் வாந்தி, தலைச்சுற்று, நாடி தடுமாறும். மரத்துக்கு மரம் அதன் அளவு மாறும் என்பதால் ‘ஒரு பிடி பட்டை, நாலு குவளை தண்ணீர்’ என்ற வீட்டுக் கணக்கு எதற்கும் உதவாது. ஆயுள்வேதத்தில் சாகோடம் என்ற பெயரில் இந்த மரம் யானைக்கால் நோய்க்குச் சொல்லப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அது பதிவு பெற்ற வைத்தியர் சுத்தி செய்து அளந்து கொடுக்கும் மருந்து. யானைக்கால் நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து நீங்கிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. அந்த நிலையைக் கொண்டுவந்தது இரத்தப் பரிசோதனையும் மாத்திரையும். கால் வீங்கினால் பட்டை அவிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கர்ப்பிணிகள், இதய வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், சிறு பிள்ளைகள், இவர்களுக்கு எந்த வடிவிலும் கசாயம் வேண்டாம். மரப்பாலைக் கண்ணில் படவிடாதீர்கள். பழத்தின் மஞ்சள் சதையைப் பிள்ளைகள் தின்பார்கள், அதற்குப் பயப்படத் தேவையில்லை.

இந்தப் பாலும் இலையும் பசும்பாலைத் திரைய வைக்கும் என்பதும் சரி. பாற்கட்டி செய்யக் கடையில் உறை மருந்து இருக்கும்போது இதை உணவில் போட நான் சொல்லமாட்டேன்.

வளவுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. இலையை இரண்டு பக்கமும் தேய்ச்சுப் பாத்தன், பிராய்தான். ஆனா நடுவில நாலைஞ்சு வீரைக்கன்றும் கலந்து நிக்குது, முள்ளோரம் பாத்துப் பிடிச்சன். பெக்கோவை நிப்பாட்டியாச்சு. இனி இரண்டு கேள்வி. அடர்ந்து நிக்கிற பிராயை ஐதாக்கிறதெண்டா எவ்வளவு வெட்டலாம்? மற்றது, பட்டையில கடதாசி செய்யிறவை எண்டு கேள்விப்பட்டன், வீட்டளவில செய்யலாமோ?

குளக்கட்டு

பாலைக்குக் கீழே நிற்பதில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஒரே வருடத்தில் எடுக்காதீர்கள். தள்ள வேண்டாம் என்றதன் காரணமும் இதுதான்: செம்மண், கோடைச் சூடு நேரே பட்டால் மேல்மண் இறுகும், பிறகு முதல் மாரியில் தண்ணீர் இறங்காமல் ஓடும். கோணல், நோய் விழுந்தது, ஒன்றோடு ஒன்று உரசுவது, இவற்றை முதலில். நிலமட்டத்தில் வெட்டினாலும் தளிர்த்து வரும், ஆகவே உண்மையில் அகற்ற வேண்டியதை மாரியில் மண் இளகின நேரம் அலவாங்கால் வேரோடு கிளப்புங்கள். நடைபாதை விட்டு அதற்குள் மிளகு, மஞ்சள், இஞ்சி முயலலாம். தண்ணீர் இருந்தால்தான் மிளகு.

கன்றோ கொப்போ தேடி வளவுக்கு வெளியே போக வேண்டாம். ஒதுக்கக் காட்டுக்குள் வன இலாகா விடாது, விடக்கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற கரையில் ஒரு அடியும் வையாதீர்கள், பலகை விழுந்து கிடந்தாலும் அதே கணக்குத்தான்.

கைத்தாள்

செய்யலாம். தாய்லாந்தில் மடிப்பு ஏடுகள் எழுதின தடித்த தாள் இந்த மரத்தின் பட்டையில்தான். பூச்சி அரிப்பது குறைவு என்று அதற்குப் பெயர். ஆனால் குழை வெட்டும்போது மிஞ்சுகிற கொப்பைப் பாவியுங்கள். நிற்கிற மரத்தின் அடியில் சுற்றி உரித்தால் மரம் செத்துவிடும்.

பெருவிரலில் இருந்து மணிக்கட்டுத் தடிப்புவரை உள்ள கொப்பு. வெட்டின அன்றே உரிக்க வேண்டும், காய்ந்தால் பட்டை மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்திருந்தால் அரை மணித்தியாலம் ஆவியில் வேக வைத்தால் கழரும். வெளிக் கறுப்புத் தோலைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிடுங்கள், இதில் சோம்பல்பட்டால் தாள் முழுக்கப் புள்ளி. உள்நாரைக் காயவைத்து நிறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ காய்ந்த நாருக்கு சலவைச் சோடா 150 முதல் 200 கிராம், தண்ணீர் நார் நன்றாக மூழ்க 12 லீற்றர் அளவு. முதல் நாள் இரவு வெறும் தண்ணீரில் ஊறல். அடுத்த நாள் சோடாத் தண்ணீரில் மூன்று மணித்தியாலம் மெல்லிய கொதி. துருப்பிடிக்காத உருக்குப் பானை அல்லது எனாமல். அலுமினியம் கூடாது, சோடா அதை அரித்துத் தண்ணீரைக் கறுப்பாக்கும். வெளியில் அடுப்பு வையுங்கள், கண்ணுக்கும் கைக்கும் காப்பு வேண்டும். ஒரு நாரை எடுத்துக் குறுக்காக இழுத்தால் சிலந்தி வலை போல விரிய வேண்டும். அறுந்து தனித் துண்டாக வந்தால் இன்னும் வேகவில்லை. கூழாகக் கரைந்தால் கூடிவிட்டது, தாள் பெலக்காது.

பிறகு வழுவழுப்புப் போகும்வரை ஐந்து ஆறு தண்ணீர் அலசல். சோடா மிஞ்சினால் தாள் சில மாதத்தில் மஞ்சளாகி உடையும். கல்லில் வைத்து மரக்கட்டையால் முக்கால் மணித்தியாலம் அடியுங்கள். கண்ணாடிப் போத்தல் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால் கட்டியில்லாமல் மேகம் போல மிதக்க வேண்டும், அதுதான் பதம். மிக்சியில் போட்டால் வேகமாக முடியும், ஆனால் நார் குறுகித் தாள் கிழியும்.

மரச் சட்டத்தில் நுளம்பு வலையை இறுக்கி ஆணியடித்து, பெரிய தட்டத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கூழை அதற்குள் ஊற்றிக் கையால் பரப்பித் தூக்கி, சட்டத்தோடேயே சாய்த்து நிழல் காற்றில் காயவிடுங்கள். வலை தொய்ந்தால் நடுவில் தடித்து ஓரம் மெலியும், எல்லாப் பிழைக்கும் முதல் காரணம் அதுதான். மை ஊறாமல் இருக்க, காய்ந்த தாளில் ஐதான அரிசிமாக் கஞ்சியைத் தூரிகையால் பூசி, மறுபடி காயவைத்து, வழுவழுப்பான கல்லால் அல்லது போத்தல் அடியால் தேய்க்க வேண்டும்.

தூக்கும்போது வலையில் ஒட்டினால் கிழிக்காதீர்கள். பின்பக்கம் ஈரத்துணியால் ஒற்றி, ஒரு மூலையில் சத்தக நுனியை விட்டுக் கிளப்பினால் முழுதாக வரும்.